மீன் மேலே வந்த ஞாயிற்றுக்கிழமை

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியிலிருந்து இறங்கி வந்து, என் வண்டியில் தொப்பென்று உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே கேட்பார்கள்: "இங்க வேற என்னங்க பாக்கறதுக்கு இருக்கு?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தனை படி ஏறி இறங்கியவனுக்கு இன்னும் என்ன பார்க்க வேண்டுமாம்? ஆனால் பேசாமல் வண்டியை எடுப்பேன். ஏழு பேர் உட்காரும் வண்டி அது. பஸ் ஸ்டாண்டுக்கும் கோட்டைக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். என் பெயர் எழிலன். கோபக்காரன் என்று ஸ்டாண்டில் கேட்டாலே சொல்வார்கள்.

அந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாகத்தான் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. தளவானூர்ப் பக்கம் சுமலதா அக்கா மீன் வளர்க்கிற தாங்கல். ஏரி என்று சொன்னால் ஏரி சிரிக்கும், குட்டை என்று சொன்னால் அக்கா அடிக்க வருவாள். மூன்று ஏக்கர் தண்ணீர், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கரை, கரைக்குக் கீழே கழனி. பல்லவர் குடைந்த கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே இங்கேயும் வந்து ஒரு மணி நேரம் கரையில் நடப்பார்கள். நாரையும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும். வேப்பமரத்தடியில் இலை போட்டுக் களியும் மீன் குழம்பும் போடுவார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் களியை மென்று பார்த்துவிட்டு முழிப்பார்கள். "மெல்லாதீங்க, முழுங்குங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பிறந்தது தொண்டூரில். நிலம் என்று ஒரு சாண்கூட இல்லாத வீடு. அவளுடைய நைனா யார் கழனியில் வேலை இருந்தாலும் போவார். அம்மாவும் அப்படித்தான். அக்கா பத்தாவது பாஸ் ஆனவள். கணக்கில் எழுபத்தெட்டு. இதை எழுதாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டாள், அதனால் எழுதிவிட்டேன். இருபது வயதில் தனகோட்டி மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா நல்ல மனுஷன். ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசுவார், அதில் நாலு "உம்".

கல்யாணமான மறுவருஷம் இரண்டு பேரும் மரக்காணம் போனார்கள். அங்கே கடலோரம் ஒரு இறால் பண்ணை. மாமாவுக்குக் காவல் வேலை, அக்காவுக்குத் தீனி போடுகிற வேலை. குட்டைக் கரையிலேயே தகரக் கொட்டகையில் ஆறு வருஷம் இருந்தார்கள். தண்ணீரைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். நிறம் மாறினால் என்ன, நுரை கட்டினால் என்ன, வாடை வந்தால் என்ன என்று எல்லாம் அத்துப்படி. முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீரில் விடுவாள். உள்ளங்கை முழங்கை ஆழத்தில் மங்கலாகத் தெரிந்தால் சரி. அதற்கு முன்னாலேயே மறைந்துவிட்டால் தண்ணீரில் பாசி கெட்டித்துவிட்டது, அன்றைக்குத் தீனி கிடையாது. மீட்டர், கருவி எல்லாம் பிறகு வந்து பார்த்திருக்கிறது, அக்காவின் கை தப்பாகச் சொன்னதில்லை.

அந்த இறால் பண்ணை விளங்கவில்லை. நோய் வந்தது. மருந்தைக் கொட்டினார்கள், கெட்ட தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பில் கிணறெல்லாம் உப்புக் கரித்தது. பொம்பளைகள் குடத்தோடு வந்து கேட்டில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். முதலாளி அன்றைக்கு வரவில்லை. கேட்டுக்கு உள்ளே நின்றது தனகோட்டி மாமாவும் அக்காவும்தான். "அந்த மண்ணு என் தலையில வுழுந்துதுடா எழிலு. நான் தின்ன சோறு அவங்க குடிக்கிற தண்ணியில கைய வெச்ச சோறு" என்று அக்கா சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

பண்ணையை மூடிவிட்டார்கள். வேலை போனது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கொட்டகையில் இருந்த லட்சுமியம்மாள் பழக்கமானாள். அக்கா வயதுதான் இருக்கும், வாய் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். கழுவெளி ஏரி ஓரமாகப் பறவை பார்க்க வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவாள். பூநாரை வருகிற மாசத்தில் பாண்டிச்சேரி, சென்னை என்று காரில் வந்து இறங்குவார்கள். லட்சுமியம்மாளுக்கு ஒரே சட்டம். எவனாவது கைதட்டினால், விசில் அடித்தால், அங்கேயே எல்லாரையும் திருப்பிக் கூட்டி வந்துவிடுவாள். பெரிய அதிகாரி குடும்பமே ஒரு தடவை திரும்பி நடந்ததாம். நண்டு, மடவை மீன், நாரை, உப்பங்கழியின் சேறு எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும் என்று அக்காவுக்கு அங்கேதான் புரிந்தது. வருகிற ஆளை நாம் அதட்டலாம், அதட்டினாலும் மறுபடி வருவான் என்பதும் புரிந்தது. இரண்டாவதுதான் பெரிய பாடம் என்பேன் நான்.

ஊருக்குத் திரும்பிய அக்கா நெல் மண்டியில் கூட்டிப் பெருக்கினாள், நூறு நாள் வேலைக்குப் போனாள், பிறகு பத்துப் பொம்பளைகளைச் சேர்த்துக் குழு வைத்தாள். தாங்கலில் அப்போது கருவேலமும் பிளாஸ்டிக்கும்தான் இருந்தது. அதை மீன் வளர்க்கக் கொடுங்கள் என்று கிராம சபையில் எழுந்து கேட்டாள். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். கோவிந்தசாமி சிரிக்கவில்லை, எதிர்த்தார்.

கோவிந்தசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரைக்குக் கீழே முதல் கழனி அவருடையது. தாங்கல் மதகு திறந்தால் தண்ணீர் முதலில் விழுவது அவர் நிலத்தில்தான். அறுபத்தைந்து வயது, மெல்லிசு உடம்பு, வெள்ளை மீசை. அக்காவின் நைனா அந்தக் கழனியிலும் அறுத்திருக்கிறார், அவர் "ஐயா" என்று கூப்பிட்ட ஆளை அக்கா "அண்ணா" என்று கூப்பிட்டாள். முதல் தடவை கேட்டபோது மனுஷன் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தாராம். பழகிக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. பழகிக்கொண்டார், அதையும் சொல்லியாக வேண்டும்.

"மீனு வளக்கறேன்னு கோழிக் குடலையும் குப்பையையும் கொட்டுவீங்க. தண்ணி நாறும். அந்தத் தண்ணிய நான் நாத்துக்குப் பாய்ச்சணுமா?" என்றார் அவர்.

"நாறாதுங்க அண்ணா. தவிடு, புண்ணாக்கு, கொஞ்சம் சாணி. அவ்ளோதான்."

"நாறினா?"

"நாறினா வுட்டுட்டுப் போயிடறோம்."

"ஒரு தபா நாறினாலும்?"

"ஒரு தபா நாறினாலும்."

இது தீர்மானத்திலேயே எழுதப்பட்டது. மூன்று வருஷம் குத்தகை. தண்ணீர் ஒரு முறை கெட்டாலும் அடுத்த சபையில் கேள்வியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். எழுபத்தெட்டு மார்க் வாங்கியவள் இப்படியா போடுவாள் என்று நான் பிற்பாடு கேட்டேன். "வேற எப்டிடா குடுப்பாங்க?" என்றாள்.

அந்த மூன்று வருஷமும் பத்துக் குடும்பம் அந்தத் தண்ணீரை வைத்துத்தான் இருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் விட்டார்கள். பாறைப் பக்கம் மூலையைக் கோரையோடு அப்படியே விட்டுவிட்டார்கள், வலை அங்கே போகாது. அந்த மூலை பறவைக்கு. நீர்க்காகம் மீனைத் தின்கிறது, பட்டாசு கொளுத்து என்று ஊரே சொன்னது. "அது பங்க அது துன்னுட்டுப் போவுது, அதப் பாக்கத்தான மனுஷன் வர்றான்" என்பாள் அக்கா. கரையில் போர்டு வைத்தாள். சத்தம் போடாதே, பிளாஸ்டிக் போடாதே, தண்ணீரில் எதுவும் போடாதே.

அந்தக் கடைசி வரியில் ஓட்டை போட்டவன் நான்தான்.

ஒரு நாள் வண்டியில் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. திண்டிவனம் சாலையில் கடையில் நிறுத்திப் பொரி வாங்கிக் கொடுத்தேன். அது தாங்கலுக்கு வந்ததும் பொரியைத் தண்ணீரில் எறிந்தது. மீன் கூட்டமாக வந்து பாய்ந்து தின்றது. குழந்தை சிரித்தது, குழந்தையின் அம்மா சிரித்தாள், அக்காகூடச் சிரித்துவிட்டாள். "ஒரு கைப்பிடி போனா போவுது" என்றாள். ஒரு கைப்பிடி என்று அவள் சொன்னது என் காதில் "சரி" என்று மட்டும் விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து வண்டியில் பொரிப் பாக்கெட் வைத்துக்கொண்டேன். வருகிறவர்களுக்கு முகம் மலர்ந்து போகும். மறுபடி எனக்கே போன் போடுவார்கள். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த சனம்தானே நாம்! தண்ணீரைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகும். அக்கா இரண்டு தடவை திட்டினாள். "சரிக்கா, சரிக்கா" என்றேன். சரிக்கா என்று சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கிறது?

போன புரட்டாசியில் வந்தது வினை. புரட்டாசி மாசம் இங்கே பாதி வீட்டில் மீன் சட்டி கவிழ்ந்துவிடும். பெருமாள் மாசம். வியாபாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார், இப்போது பிடித்தால் எடுக்க ஆள் இல்லை, ஐப்பசியில் தீபாவளிக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று. ஆவணியில் வலைபோட வேண்டிய மீன் எல்லாம் தாங்கலிலேயே இருந்தது. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நெரிசல் என்றால் அப்படி ஒரு நெரிசல். அதோடு மழையும் வராமல் வெயிலும் வராமல் மூன்று நாள் மூட்டம். காற்று இலையைக்கூட அசைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாளய அமாவாசை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை காலையிலேயே அக்கா கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு முங்குவதற்குள்ளேயே உள்ளங்கை மறைந்துவிட்டது. தீனியை நிறுத்திவிட்டாள். "இன்னிக்கும் நாளைக்கும் கொஞ்சம் பாத்து ஆளு கூட்டியாடா. எதுவும் போடக் கூடாது" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு மேல்மருவத்தூரில் ஒரு கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கென்று மூன்று வண்டி ஆள். எனக்குத் தெரிந்த இரண்டு டிரைவரையும் நானே வரச் சொல்லியிருந்தேன். பெரிசுகளுக்குத் திதி கொடுக்கிற சமயம், வாயில்லா ஜீவனுக்குப் போட்டால் புண்ணியம் என்று படியளவு பொரி, வெல்லம், பிஸ்கட் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். தனகோட்டி மாமா "வேணாம்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான், அதையும் யாரும் கேட்கவில்லை. மாமாவைத் தட்டிக்கொடுத்து, "புண்ணியம் மாமா, தடுக்கக் கூடாது" என்றவன் யார் தெரியுமா? நான்தான்! நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மீன் கொஞ்சம்தான் தின்றது. மிச்சமெல்லாம் ஊறி அடியில் போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பறவை பார்க்கிற ஒரு குடும்பத்தோடு வந்து இறங்கினேன். தாங்கல் முழுக்க மீன். தண்ணீருக்கு மேலே வட்ட வட்டமாக வாய்கள், திறந்து மூடித் திறந்து மூடி. அவ்வளவு மீனை ஒரே நேரத்தில் நானே பார்த்ததில்லை. வந்திருந்த அம்மா கையைக் கூப்பிவிட்டார். "பாருங்க, அமாவாசைக்கு எப்படிப் பசியோட காத்துக்கிட்டு இருக்கு!" என்று பையைப் பிரித்தார். அவர் வீட்டுக்காரர் வீடியோ எடுத்தார். நான் கைதட்டினேன்.

அக்கா அப்போதுதான் முதல் பஸ்ஸில் இறங்கி, கல்யாணப் புடவையோடு கரை ஏறி வந்தாள். "அக்கா, இங்க வந்து பாரேன், மீனெல்லாம் உனக்கு வணக்கம் வெக்கிது" என்றேன்.

அவள் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"போடாதீங்க!" என்று ஒரு கத்து. அந்த அம்மா கையிலிருந்த பொரி கொட்டிவிட்டது. "பசி இல்லம்மா அது. மூச்சு முட்டுது. தண்ணியில காத்து இல்ல, மேல வந்து வாயத் தொறக்குது. செத்துக்கினு இருக்குது!"

வீடியோ எடுத்தவர் போனை இறக்கிவிட்டார். பெரிய கட்லாக்கள் நாலைந்து ஏற்கெனவே வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கியிருந்தன. குனிந்து மோந்தால் முட்டை அழுகின வாடை. கரையில் ஈரப் பொரி ஒட்டிக் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்டா?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனேன். "எறங்காத, சேறு கெளம்பினா இன்னும் வெஷம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூங்கிலால் மேலே மட்டும் அடிக்க வேண்டும், காற்றுச் சேர வேண்டும். அதுவும் போதாது. இன்ஜின் வைத்துத் தண்ணீரை மேலே பீய்ச்சி விட வேண்டும், நல்ல தண்ணீர் கொஞ்சம் உள்ளே வர வேண்டும். இன்ஜின் யாரிடம் இருக்கிறது? கோவிந்தசாமியிடம். கிணறு யாரிடம் இருக்கிறது? அதுவும் கோவிந்தசாமியிடம். அவர் வீடு கரைக்கு அந்தாண்ட, கூப்பிடு தூரம்.

ஊர் முழுக்க வேறு யாராவது இருக்கக் கூடாதா? வாடை வருகிறது என்று யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமே போய் நிற்க வேண்டும். நவம்பர் சபையில் குத்தகை முடிகிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாங்கல் கையை விட்டுப் போய்விடும்.

"அக்கா, உண்மைய சொல்லாத. வேற எதுக்காச்சும் கேளு. கேவுரு வெதக்கப் போறோம், கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சணும், இன்னா வேணா சொல்லு" என்று பின்னாலேயே ஓடினேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் விடுவிடுவென்று நடந்தாள்.

கோவிந்தசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இன்னா காலங்காத்தால?"

"இன்ஜின் வேணுங்க அண்ணா."

"எதுக்கு?"

அக்கா வாயைத் திறந்து ஒரு நொடி நின்றாள்.

"தண்ணி கெட்டுப்போச்சு" என்றாள்.

கோவிந்தசாமி வாளியைக் கீழே வைத்தார். அக்காவின் முகத்தையும் கல்யாணப் புடவையையும் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "நாறுதா?" என்றார்.

"நாறுது. மேல வந்துடுச்சு. அரை மணி நேரம் தாங்காது."

அவர் கொட்டகைக்குப் போய் இன்ஜினை இழுத்தார். கனமான இன்ஜின். நான் ஓடிப்போய் வண்டியை அவர் வாசலுக்குக் கொண்டுவந்தேன், இரண்டு பேருமாகத் தூக்கி அதில் வைத்தோம். வழியில் அவரே சொன்னார், கிணற்று மோட்டாரையும் போட்டு வாய்க்காலைத் தாங்கல் பக்கம் திருப்பிவிடலாம், அடித் தண்ணீர் கெட்டதென்றால் மதகைக் கொஞ்சம் திறந்து வெளியே விடலாம் என்று. "உங்க நாத்தங்காலுக்குத்தான அண்ணா போவும்?" என்றாள் அக்கா. "போவட்டும்" என்றார்.

அன்றைக்கு மதியம் வரைக்கும் அந்தக் கரையில் நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இன்ஜின் குழாயை மாமா தோளில் தாங்கிப் பிடித்தார். எதிரே கூடையைக் கவிழ்த்துக் கட்டி அதன்மேல் தண்ணீரை விட்டோம், தண்ணீர் சிதறி மழை மாதிரி விழுந்தது. குழுப் பொம்பளைகள் பத்துப் பேரும் மூங்கிலோடு கரையைச் சுற்றி நின்று அடித்தார்கள். பறவை பார்க்க வந்த குடும்பமும் அடித்தது. பொரி கொண்டுவந்த அந்த அம்மா அழுதுகொண்டே அடித்தார். "அழுவாதீங்க, அடிங்க" என்றாள் அக்கா. மீன் இன்ஜின் தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தது. பதினோரு மணிக்கு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டு கீழே போனது.

மூன்றில் ஒரு பங்கு செத்துவிட்டது. எல்லாம் பெரிய மீன். கூடை கூடையாக அள்ளித் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டிப் புதைத்தோம். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் வண்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன். மிச்சத்தை ஐப்பசியில் பிடித்து அந்த வருஷத்தை எப்படியோ ஒப்பேற்றினார்கள்.

நவம்பர் ஒன்றாம் தேதி கிராம சபை. நான் அந்த ஊர்க்காரன் இல்லை, ஆனால் போனேன். தாங்கல் விஷயம் வந்ததும் தலைவர் பழைய தீர்மானத்தைப் படித்தார். ஒரு முறை கெட்டாலும் என்கிற வரி வந்தபோது எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து, "கெட்டுச்சு. வுட்டுடறோம்" என்றாள். குழுப் பொம்பளைகளில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். "பொரி போட வெச்சது நாந்தான். அக்கா மேல தப்பே கெடையாது!"

"நீ எந்த ஊரு?" என்றார் தலைவர்.

"செஞ்சி."

"ஒக்காரு."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

அக்கா என் பக்கம் கையைக் காட்டி, "பொரி கொண்டாந்தது அவன். மொதல் நாளு ஒரு கைப்பிடி போனா போவுதுன்னு சொன்னது நானு. கையெழுத்துப் போட்டதும் நானு" என்றாள்.

தாங்கலை எடுத்துக்கொள்ளப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். நாலைந்து ஏரி எடுத்து மீன் வளர்க்கிறவர், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். தலைவர் அவரைப் பேசச் சொன்னார். டன் கணக்கில் எடுப்பேன், ஊருக்கு லைட் போட்டுத் தருவேன் என்றார். சனம் தலையாட்ட ஆரம்பித்தது. அப்போது கோவிந்தசாமி எழுந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. ஒரு நாளு காலையில தண்ணி கெட்டுப்போச்சுன்னு வெச்சிக்க. நீ இன்னா செய்வே?"

அந்த ஆள் சிரித்தார். "நம்ம கிட்ட அதெல்லாம் கெடாதுங்கய்யா."

"கெட்டா?"

"கெடவே கெடாதுங்க. நான் கேரண்டி."

கோவிந்தசாமி சபையைப் பார்த்துத் திரும்பினார். "இவன் கிட்ட கெடவே கெடாதாம். கெட்டா எனக்கு எப்புடித் தெரியும்? நாத்து அழுவின பொறவு தெரியும்." கையை நீட்டி அக்காவைக் காட்டினார். "கெட்ட அன்னைக்கு அந்தப் பொண்ணு என் வாசல்ல வந்து நின்னுது. இன்னொருத்தர் சொல்லித் தெரியறதுக்கு முன்னாடியே வந்து நின்னுது. அந்தப் பழைய வரிய நான்தான் எழுதச் சொன்னேன், இப்ப அடிக்கச் சொல்றேன். அதுங்களுக்கே குடுங்க."

கொஞ்ச நேரம் பேச்சும் கூச்சலுமாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் கைதூக்கச் சொன்னார்கள். அக்கா பக்கம் தூக்கிய கைகளை நான் எண்ணவில்லை, கண் மறைத்தது. பார்த்தாலே தெரிந்தது, அதிகம்தான். இன்னும் மூன்று வருஷம்.

வெளியே வந்து பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோரம் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். செத்த மீனுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். மாமா பக்கத்தில் நின்று "உம்" என்றார். நான் சோடா வாங்கி வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அவ்ளோ தைரியம் வராதுக்கா. அவரு மூஞ்சிய பாத்து நெஜத்தச் சொன்ன பாரு, அதுக்கே உனக்கு மால போடணும்" என்றேன்.

"மண்ணாங்கட்டி" என்றாள். "வரப்பு முச்சூடும் பொய்யத்தான்டா யோசிச்சிக்கினு போனேன். கேவுருன்னு நீ சொன்னியே, அதவிட நல்லதா ஒண்ணு வெச்சிருந்தேன். தங்கச்சி வூட்டுக் கெணறு இடிஞ்சுபோச்சு, தண்ணி எறைக்கணும்னு. அவரு எந்தக் கெணறும்பாரு, எப்ப இடிஞ்சுதும்பாரு, எத்தினி அடிம்பாரு. பொய்ய சொல்லி முடிக்க நேரமாவும். அங்க மீனு வாயப் பொளந்துக்கினு கெடந்துது."